டிரைவரை சஸ்பெண்ட் செய்தால் முடிந்துவிடுமா? 108, அரசுப் பேருந்து, ரயில்: யார் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்

வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை தேசிய நெடுஞ்சாலை 48-ஐ ஒட்டி வாழ்கிறவர்களுக்கு விபத்துச் செய்தி புதிதல்ல. செய்தி வந்த அரைமணி நேரத்தில் டீக்கடையில் தீர்ப்பும் வந்துவிடும். "டிரைவர் தூங்கிட்டான்." "108 லேட்டா வந்துச்சு." "கவர்ன்மென்ட் பஸ்ஸுன்னா அப்படித்தான்." மறுநாள் பேப்பரில் 'ஓட்டுநர் பணியிடை நீக்கம்' என்று ஒரு வரி வரும். அதோடு பேச்சு அடங்கிவிடும்.

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பணியிடை நீக்கம் ஒரு தனிமனிதர் மேல் எடுக்கும் நடவடிக்கை. பொறுப்புக்கூறல் என்பது ஒரு நிறுவனம் தான் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்ததா, செய்யவில்லை என்றால் ஏன், இனி என்ன மாறும் என்று வெளியாட்களுக்குப் பதில் சொல்வது. முதலாவது நடந்துவிட்டால் இரண்டாவதும் நடந்துவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அதனால் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

பந்தியில் பரிமாறியவர்

குடியாத்தத்தில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குச் சாயங்காலமே வயிற்றுப்போக்கு. கோபத்தில் முதலில் மாட்டுவது யார்? சாம்பார் வாளியோடு நின்ற பையன். நாம் பார்த்த முகம் அவனுடையதுதான். ஆனால் காய் வாங்கியது ஒருவர், தண்ணீர் லாரிக்குச் சொன்னது இன்னொருவர், முந்தின இரவே சமைத்து மூடி வைக்கச் சொன்னது சமையல் காண்ட்ராக்டர், 'ஆள் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று பேரம் பேசியது பெண்வீட்டார். பையனை விரட்டிவிட்டால் அடுத்த முகூர்த்தத்தில் அதே தண்ணீர், அதே சாம்பார், வேறு பையன்.

பேருந்து ஓட்டுநரும் ஆம்புலன்ஸ் பைலட்டும் (108 வண்டி ஓட்டுநரை அப்படித்தான் சொல்கிறார்கள்) நம் கண்ணுக்குத் தெரிகிற கடைசி ஆட்கள். அவர்கள் தவறே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு ஓட்டினால் அது குற்றம், தண்டனை வேண்டும். ஆனால் அவருக்குப் பின்னால் உள்ள வரிசையை யார் பார்ப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

ஒரு 108 அழைப்புக்குள் என்ன இருக்கிறது

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் தொடங்கியது. சேவை அரசுடையது, ஓர் ஒப்பந்த நிறுவனம் அதை நடத்துகிறது. வேலூரிலிருந்து நாம் பேசினாலும் போனை எடுப்பவர் சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பார். எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் இடம் அதுதான்.

மாதனூர் பக்கம் ஒரு பைக் விபத்து. நீங்கள் 108-ஐ அழைக்கிறீர்கள். மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள். எந்த மாவட்டம், எந்த தாலுகா, எந்த இடம், எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே தாலுகா பேர் சொல்வது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது என்று யோசித்தால் கேள்வியின் நியாயம் புரியும். அப்புறம் பக்கத்தில் எந்த வண்டி சும்மா நிற்கிறது என்று பார்த்து ஒதுக்குகிறார்கள். பைலட்டும் மருத்துவ உதவியாளரும் கிளம்புகிறார்கள், வந்து சேர்கிறார்கள், முதலுதவி செய்து ஏற்றுகிறார்கள், ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கிறார்கள்.

நாம் 'லேட்' என்று ஒரே சொல்லில் முடிப்பது இத்தனை படிகளில் எதுவாகவும் இருக்கலாம். போன் எடுக்கவே தாமதமானால், உட்கார ஆள் போதவில்லை என்று பொருள். ஒதுக்கத் தாமதமானால் பக்கத்தில் வண்டி இல்லை. ஒதுக்கியும் கிளம்பத் தாமதமானால் ஊழியரிடமோ வண்டியிலோ கோளாறு. கிளம்பியும் வந்து சேராவிட்டால் வழி அல்லது இடக் குழப்பம். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் காலியாகாமல் வண்டி காத்துக் கிடந்தால், அந்த நேரத்தில் அடுத்த அழைப்புக்கு வண்டி இருக்காது. அது 108-ன் தவறே அல்ல, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் நெருக்கடி.

இடக் குழப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 'மாதனூர் தாண்டி' என்று மட்டும் சொன்னால் போதாது. நடுவில் டிவைடர் உள்ள சாலையில் ஆம்பூர் நோக்கிப் போகும் பக்கமா, வேலூர் நோக்கி வரும் பக்கமா என்று தெரியாவிட்டால் வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிடும். கண்ணெதிரே தெரியும், ஆனால் கடந்து வர முடியாது. அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொன்னால் இந்தச் சுற்று மிச்சம். நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண்ணுக்கும் இதே தகவல்தான் வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு நேரப்பதிவு உண்டு. அழைப்பு வந்த நேரம் முதல் வண்டி வந்து சேர்ந்த நேரம் வரையுள்ள இடைவெளியைத்தான் பதிலளிப்பு நேரம் என்கிறார்கள். உங்கள் பக்கம் உள்ள சாட்சி உங்கள் போனின் அழைப்புப் பட்டியல். அதை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதுவரை சொன்னதன் சாரம்: தாமதம் என்பது ஒரு சங்கிலியில் எங்கோ விழுந்த முடிச்சு. எந்தக் கண்ணியில் விழுந்தது என்று பதிவைப் பார்க்காமல் யார் பொறுப்பு என்று சொல்ல முடியாது.

சராசரி என்ற திரை

கேள்வி கேட்டால் அதிகாரிகள் தருவது பெரும்பாலும் சராசரிப் பதிலளிப்பு நேரம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து அழைப்புகள். ஒன்பதுக்கு வண்டி 10 நிமிடத்தில் வந்தது. பத்தாவது அழைப்புக்கு 70 நிமிடம் ஆனது. சராசரி 16 நிமிடம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பத்தாவது வீட்டில் என்ன நடந்தது என்று அந்த 16 சொல்லாது.

நம் வேலூர் மாவட்டத்தில் அந்தப் பத்தாவது வீடு மலையில் இருக்கிறது. 2023 மே மாதம் அணைக்கட்டு பக்கத்தில் அல்லேரி மலைக் கிராமம் ஒன்றில் ஒரு குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரமாகி, குழந்தை வழியிலேயே இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் பாதிவழிக்கு மேல் போக முடியவில்லை. தாய் குழந்தையைச் சுமந்துகொண்டு மலையேறி நடந்தார். தமிழ்நாடு முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தது.

அங்கே தவறு செய்த 'ஆள்' யார்? யாரை சஸ்பெண்ட் செய்வது? வனநிலத்தில் சாலை போட வனத்துறை அனுமதி, சாலை போட ஊரக வளர்ச்சித் துறைப் பணம், பாம்புக்கடி மருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும் என்ற சுகாதாரத் துறை முடிவு, இவையெல்லாம் கூடிய இடத்தில்தான் அந்தத் தாய் நடந்தார். ஒவ்வொரு துறையும் தன் பங்கை மட்டும் பார்த்தால் எல்லோரும் விதிப்படியே நடந்திருப்பார்கள். என் பார்வையில் பொறுப்புக்கூறலின் மிகக் கடினமான பகுதி இதுதான்: துறைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிக்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆகவே சராசரியைக் கேட்காதீர்கள். 'பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்துக்குள் வண்டி போனது? தாலுகா வாரியாகச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். வேலூர் நகரமும் ஜவ்வாது மலையும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

பேருந்து: டிரைவருக்குப் பின்னால்

வேலூர்ப் பகுதி அரசுப் பேருந்துகள் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்தில் வருகின்றன. பெரியவர்கள் பலருக்கு அது இன்னும் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம்தான். கழகம் தனியான சட்ட உருவம் கொண்டது. அதன் மேல் வழக்குப் போடலாம்.

ஊழியர் வேலையில் இருக்கும்போது செய்த தவறுக்கு அவரை வேலைக்கு வைத்தவரும் பொறுப்பு. சட்டத்தில் இதற்குப் பெயர் சார்புப் பொறுப்பு. அரசுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி 1962-லேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ராஜஸ்தானில் கலெக்டரின் ஜீப்பை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓட்டிவந்தவர் நடந்துபோனவர் மேல் மோதி, அவர் இறந்துபோனார். அரசு இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 'கவர்ன்மென்ட் வண்டி, ஒண்ணும் பண்ண முடியாது' என்று இன்றும் சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது தடுப்பு. டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம்? 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும் வரை நடப்பில் இருந்த 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி பொதுவாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. சில சூழல்களில்தான் நீட்டிக்க முடிந்தது. ஆள் பற்றாக்குறையில் ஒருவருக்குத் தொடர்ந்து டபுள் டூட்டி போட்டு, அவர் கண் அசந்து விபத்து நடந்தால், டூட்டி சீட்டைப் போட்டவர் விசாரணைக்குள் வர வேண்டாமா? பிரேக் சரியில்லை என்று டிரைவர் எழுதிக் கொடுத்தும் டிப்போவில் உதிரிப்பாகம் இல்லை என்று வண்டியை ரோட்டில் விட்டால்? காலை எட்டரை மணிக்குக் காட்பாடி பக்கம் படிக்கட்டில் தொங்கும் மாணவர்களைத் திட்டுவது எளிது. அந்த நேரத்துக்கு எத்தனை பேருந்து வேண்டும், எத்தனை ஓடுகிறது என்ற கணக்கு மாணவன் கையில் இல்லை.

இழப்பீடு என்று வந்தால் இங்கே ஒரு சிறப்பு ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பைக்குக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, தனியாக ஒரு நிதி வைத்துக்கொள்ளும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அதிலிருந்து விலக்குத் தர அரசுகளை அனுமதிக்கிறது. அப்படி விலக்குப் பெற்ற பேருந்து மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி தராது, கழகமே தன் பணத்திலிருந்து தர வேண்டும். கழகங்கள் நஷ்டத்தில் ஓடுவதால் தீர்ப்பு வந்தும் பணம் வராமல் இழுக்கும். அதன் கடைசிக் காட்சியை நீங்கள் பேருந்து நிலையத்தில் பார்த்திருக்கலாம். கோர்ட் அமீனா கையில் உத்தரவோடு வருவார், பின்னால் மனுதாரரும் வக்கீலும். கிளம்பத் தயாராக நிற்கும் பஸ்ஸின் முன்கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டப்படும். பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். கண்டக்டர் அடுத்த வண்டியைக் கைகாட்டுவார். பஸ் கோர்ட் வளாகத்துக்குப் போகும். இதுதான் ஜப்தி.

பார்க்கிறவர்களுக்கு இது நீதி மாதிரி தெரியும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இது தேவை, மறுக்க முடியாது. ஆனால் பொறுப்புக்கூறலில் இது பாதிதான். பல வருடம் கழித்துப் போகும் அந்தப் பணம் நம் பொதுப்பணம். பிரேக் பார்க்காமல் வண்டியை விட்ட டிப்போவுக்கு அதனால் எந்த உறுத்தலும் இல்லை. விபத்தின் காரணம் அந்த டிப்போவுக்குத் திரும்பிப் போய் ஏதாவது மாறியதா என்பதை எந்த ஜப்தியும் கேட்பதில்லை.

சுருக்கமாக: தண்டனை டிரைவரைத் தொடும், இழப்பீடு கழகத்தின் கஜானாவைத் தொடும். காரணத்தைத் தொட மூன்றாவதாக ஒன்று வேண்டும்.

விசாரிப்பவர் யாருடைய ஆள்?

அந்த மூன்றாவது, சுதந்திரமான விசாரணை. இதற்கு ரயில்வேயில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது, அதுவும் நம் பக்கத்து நிகழ்வோடு சேர்ந்து.

2011 செப்டம்பர் 13 இரவு அரக்கோணம் அருகே சித்தேரியில் நின்றுகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் மேல், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வந்த மின்தொடர் வண்டி பின்னாலிருந்து மோதியது. பலர் இறந்தார்கள். விசாரித்தவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். இந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வேலை செய்பவர் அல்லர்; விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். ரயிலை ஓட்டுகிறவர்களே ரயில் விபத்தை விசாரிக்கக் கூடாது என்ற எண்ணத்தில் 1941-லேயே ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து இந்தப் பிரிவைப் பிரித்துவிட்டார்கள்.

பேருந்துக்கு இப்படி ஒருவர் இல்லை. போலீஸ் டிரைவர் மேல் வழக்குப் போடும். அவர்கள் தேடுவது குற்றத்தை. மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியைப் பார்த்து இயந்திரக் கோளாறு உண்டா இல்லையா என்று சான்று தருவார். கழகம் தன் ஊழியர் மேல் துறை விசாரணை நடத்தும். டூட்டி நேரம், சாலை வளைவு, கூட்டம், ஆம்புலன்ஸ் வந்த நேரம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிறவர் யாரும் இல்லை. கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு அதற்கு ஓரளவு பக்கத்தில் வருகிறது. ஆனால் அதன் கூட்டக் குறிப்புகளை நம்மில் எத்தனை பேர் கேட்டுப் பார்த்திருக்கிறோம்?

குற்றம் வேறு, பாதுகாப்புக் குறை வேறு என்பதற்குக் காட்பாடியே உதாரணம். 2025 பிப்ரவரியில் ஓடும் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஒரு கர்ப்பிணி தாக்கப்பட்டு வெளியே தள்ளப்பட்டார். அவர் வயிற்றில் இருந்த சிசு இறந்தது. அதே வருடம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வேகமாக வந்த தீர்ப்பு, வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் பெண்கள் பெட்டிக்குள் ஓர் ஆண் ஏறி எப்படி அங்கேயே இருக்க முடிந்தது என்பது குற்றவாளியிடம் கேட்கும் கேள்வி அல்ல. ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசுடையது, ரயில்வே போலீஸ் மாநில அரசுடையது. இருவருக்கும் நடுவில் அந்தப் பெட்டி யாருடைய பொறுப்பு என்பதே அங்கே கேட்க வேண்டியது.

எந்தக் கதவைத் தட்டுவது

அவசர சிகிச்சை என்பது சலுகை இல்லை என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பின. அது வாழும் உரிமையை மீறியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. படுக்கை எங்கே காலி என்று உடனே தெரியும் தகவல் ஏற்பாடும் ஆம்புலன்ஸ் வசதியும் வேண்டும் என்றது. 108 போன்ற ஏற்பாடுகள் வருவதற்குப் பல வருடம் முன்பு வந்த தீர்ப்பு அது. பணம் இல்லை என்பது இந்தக் கடமையிலிருந்து தப்பிக்கக் காரணம் ஆகாது என்றும் அதில் இருக்கிறது.

விபத்து இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 2019 திருத்தம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். விபத்து கிருஷ்ணகிரியில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிப்பது வேலூர் என்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலேயே மனுப் போடலாம். பஸ்ஸின் பதிவு எண்ணும் டிக்கெட்டும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. டிக்கெட்டில் தேதியும் நேரமும் இருக்கும். அச்சு சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

காசு கொடுத்துப் பயணித்தவர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எல்லோருக்கும் முழுக்க இலவசமான சேவைக்கு அந்த வழி இல்லை என்பது 1995 முதல் உள்ள நிலைப்பாடு. அதனால் 108 குறித்த புகாருக்கு மாநில மனித உரிமை ஆணையமும் உயர் நீதிமன்ற ரிட் மனுவும்தான் பொருத்தமான கதவுகள். முதல்வரின் உதவி எண் 1100, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் இரண்டும் பதிவு உண்டாக்க உதவும். மனு எண் வாங்காமல் வராதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் போட வேண்டியது தகவல் அறியும் உரிமை மனு. 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எந்த அலுவலகத்துக்கு என்று குழம்ப வேண்டாம்; தவறான இடத்துக்குப் போனாலும் 5 நாளில் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது அந்தத் தகவல் அலுவலரின் கடமை. 'ஏன் லேட்' என்று எழுதினால் பதில் வராது. பதிவேட்டில் உள்ளதைக் கேளுங்கள்: இன்ன தேதி, இன்ன எண்ணிலிருந்து வந்த அழைப்பை எடுத்த நேரம், வண்டி ஒதுக்கிய நேரம், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், அப்போது அந்தத் தாலுகாவில் பணியில் இருந்த வண்டிகளின் எண்ணிக்கை. பேருந்து என்றால் அந்த ஓட்டுநரின் முந்தைய 7 நாள் டூட்டிப் பதிவு, அந்த வண்டியின் கடைசி எஃப்சி (தகுதிச் சான்று) தேதி, கடைசியாகப் பிரேக் வேலை பார்த்த தேதி, ஓட்டுநர் எழுதிக் கொடுத்த குறைகளின் நகல்.

ஆறு மாதம் கழித்து இன்னொரு மனுப் போடுங்கள். அதில் ஒரே கேள்வி போதும்: இந்த விபத்துக்குப் பிறகு டிப்போவிலோ கட்டுப்பாட்டு மையத்திலோ வெளியிட்ட சுற்றறிக்கைகளின் நகல். அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தால் அதுவே தீர்ப்பாயத்திலும் மனித உரிமை ஆணையத்திலும் உங்கள் கையில் உள்ள முக்கியமான காகிதம். 30 நாளில் பதிலே வராவிட்டால் முதல் மேல்முறையீட்டை அதே துறையின் மேலதிகாரியிடம் அடுத்த 30 நாளுக்குள் போட வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு.